வேலை கேட்டு ஒரு கடிதம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



கடன் மனு எழுத நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தீர்மான நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ஆனால் வேலைக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடுகிறது.

போன மாதம் நம் உறுப்பினர் ஒருவர், தனியார் ஆஸ்பத்திரியில் நர்சிங் உதவியாளர் வேலை கேட்டு எழுதிய கடிதத்தைக் காட்டினார். பக்கம் முழுக்க கஷ்டம்தான். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், வட்டிக் கடன். படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமியாரை நான்கு வருஷம் பார்த்துக்கொண்டது மட்டும் அதில் இல்லை. ஏன் என்று கேட்டோம். "அது வீட்டு வேலைதானேக்கா" என்றார்.

இல்லை சகோதரிகளே! இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்துப் படுக்கைப்புண் வராமல் காப்பது, உடம்பு துடைத்து விடுவது, கஞ்சி ஊட்டுவது, மலம் சிறுநீர் எடுப்பது, இதுதானே அந்த வேலை! நம் கஷ்டத்துக்காக யாரும் ஆள் எடுப்பதில்லை. நோயாளியை நம்மை நம்பி விடலாமா என்றுதான் பார்ப்பார்கள். அந்த நம்பிக்கையைக் கடிதம் தர வேண்டும்.

எல்லோருமாக உட்கார்ந்து திருத்தி எழுதினோம். ஒரே பக்கம். அனுப்புநர், பெறுநர், தேதி. 'பொருள்: நர்சிங் உதவியாளர் பணிக்கு விண்ணப்பம்.' அதன்பின் இப்படி:

"மதிப்பிற்குரிய அம்மா, நான் பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றுள்ளேன். நடக்க முடியாத என் மாமியாரை நான்கு ஆண்டுகள் வீட்டில் பராமரித்துள்ளேன். குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், நேரத்துக்கு மாத்திரை கொடுத்தல் பழக்கம் உண்டு. இரவு ஷிப்டுக்கும் வர இயலும். நேரில் அழைத்தால் வருகிறேன்."

கடைசியில் கையெழுத்து, செல் நம்பர். அவ்வளவுதான்.

பொய் மட்டும் வேண்டாம். பயிற்சி இல்லாதபோது 'நர்ஸ்' என்று போடக்கூடாது. ஏ.என்.எம். படிப்பே 2 வருஷம்; முடித்து கவுன்சிலில் பதிவு செய்தால்தான் அந்தப் பெயர். தெரியாமல் ஊசி போட்டால் ஓர் உயிர் போகும். பயிற்சி வேண்டுமானால் வழி இருக்கிறது. மத்திய அரசு 2014-ல் தொடங்கிய தீன் தயாள் கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டத்தில் பெண்களுக்கு 45 வயது வரை இடம் வைத்தார்கள். நம் வட்டார மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இன்னொன்று. கடிதத்தோடு சான்றிதழின் ஜெராக்ஸ் மட்டும் வையுங்கள். அசலைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது. வேலைக்கு 'டெபாசிட்' கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தச் சகோதரி கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் தான் செய்தது ஒரு வேலை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த கூட்டத்துக்கு நீங்களும் ஆளுக்கொரு கடிதம் எழுதி வாருங்கள். சேர்ந்து திருத்துவோம்.