இரும்பு நசுங்கட்டும், மனுஷன் பிழைக்கட்டும்!

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் அம்பாசடரைப் புகழ்ந்தபோது முதலில் கைதட்டியவன் நான்தான். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டி எங்கள் வீட்டில் இன்னும் ஓடுதுங்க. ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். முன்சீட்டிலேயே மூன்று பேர்!

போன மாதம் மகன் வற்புறுத்தியதால் ஒரு புதுக் குடும்பக் காரை ஓட்டிப் பார்த்தேன். ஸ்டார்ட் பண்ணினால் சத்தமே இல்லை. மறுபடி சாவியைத் திருகப் போனேன். 'அப்பா, ஓடிக்கிட்டுதான் இருக்கு'ங்கறான்! பெல்ட் போடாமல் நகர்த்தினேன். கீங் கீங்னு கத்துது. உடனே போட்டேன். பின்சீட்டிலிருந்து என் மனைவி, 'முப்பது வருஷமா நான் சொல்லிக் கேட்காத மனுஷன், இது சொன்னதும் கேட்குறாரே!' என்றாள்.

நண்பர் சொன்னார், 'அம்பாசடர் மோதினாலும் வண்டிக்கு ஒண்ணும் ஆகாது' என்று. ஐயா, வண்டி வாங்காத அடி எங்கே போகும்? உள்ளே இருப்பவன் நெஞ்சுக்குத்தானே போகும்! இதை யோசித்தவர் பெலா பரேனி என்ற பொறியாளர். 1959-இல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் காரில் முன்னும் பின்னும் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். நடுவில் ஆட்கள் இருக்கும் கூடு கெட்டியாக நிற்கும். இன்றைய குடும்பக் கார்கள் அந்த வழியில் வந்தவைதான்.

ஆகவே, அம்பாசடரைத் துடைத்து வைப்போம்; ஞாயிற்றுக்கிழமை கோயில் வரைக்கும் ஓட்டுவோம். பேரப்பிள்ளையோடு நெடுஞ்சாலையில் போக, நசுங்கத் தெரிந்த வண்டிதான் வேண்டும். தகரத்தைத் தட்டி நிமிர்த்தலாம். பிள்ளையை நிமிர்த்த முடியுமா? நல்ல தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே!