ஊசி போடுமுன் ஒரு கேள்வி

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)

தோழர்களே!

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக அமலுக்கு வந்தது நம் சேலம் ஜில்லாவில்தான். 1937 அக்டோபர் 1-ந் தேதி. இன்றைய நாமக்கல்லும் அன்று அதில் அடக்கம். அதே மண்ணில் 2003 முதல் சர்க்காரே சாராயக் கடை நடத்துகிறது. கடையை மூடச் சொல்லும் போராட்டம் தொடரட்டும். அது மூடும்வரை, குடியில் விழுந்த தோழனை யார் காப்பது?

குடிக்கு வைத்தியம் கேட்டு நம்மில் எவர் டாக்டரிடம் போகிறோம்? வயிற்றெரிச்சல் என்று போகிறோம். கரும்பு வெட்டுகையில் கத்தி பட்டது என்று போகிறோம். டாக்டர் ஊசி போடுகிறார். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்பதில்லை. கேட்டாலும், ‘எப்பவாவது’ என்கிறோம். மேஸ்திரி காதுக்கு எட்டினால் வேலை போய்விடும் என்ற பயம்!

இந்த மௌனத்துக்கு விலை என்ன? நூற்பாலைத் தோழர் ஒருவர் கால் முறிந்து படுத்தார். மூன்றாம் நாள் கை நடுங்கிற்று. சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று அலறினார். பேய் பிடித்துவிட்டது என்றனர் வீட்டார். பேயுமில்லை, பிசாசுமில்லை! தினமும் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். அவர் மனைவி டாக்டரிடம் உண்மையைச் சொன்ன பிறகே உரிய மருந்து கிடைத்தது. பிழைத்தார்.

டாக்டரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசை வாசல்வரை நிற்கிறது. உட்கார்ந்து பேச அவருக்கு நேரமேது?

கோவாவில் ஒரு வழி கண்டார்கள். 10 ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, அளவுமீறிக் குடிக்கும் 377 ஆண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மறு பிரிவினரிடம் கூடுதலாக, வைத்தியப் படிப்பில்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஊழியர்கள் நாலு தடவை வரை பேசினார்கள். மூன்று மாதம் கழித்துக் கெடுதலான குடியிலிருந்து மீண்டவர்கள் முதல் பிரிவில் 100-க்கு 26 பேர். மறு பிரிவில் 36 பேர். 2017-ல் வெளியான கணக்கு இது. காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்குப் போனவருக்குப் பேச்சு மட்டும் போதாது. அவருக்கு ஆஸ்பத்திரி வேண்டும்.

ஆகவே நாம் கோருவது என்ன? ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் டாக்டருக்குத் துணையாக இப்படிப் பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் வேண்டும். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்ப்பவர்கள் குடியைப் பற்றியும் கேட்க வேண்டும். டாக்டரிடம் சொன்னது முதலாளியிடம் போகக் கூடாது.

நம் கடமையும் ஒன்றுண்டு. குடித்த தோழனைக் கேலி செய்வதை நிறுத்துவோம். கூடவே ஆஸ்பத்திரிக்குப் போவோம். டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே வாய் திறந்து உண்மையைச் சொல்வோம்!