ஏவலனுக்கு முல்லை இல்லையா?
(திண்டுக்கல்லில் மாணவரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே!

மலைக்கோட்டையின் நிழலில் நின்று இலக்கியக் கோட்பாடு பற்றிப் பேச வந்திருப்பவன் பட்டம் பெற்றவனல்லன். கல்லூரிப் படியேறிப் பாதியிலே இறங்கியவன். கட்டணம் ஒரு காரணம்; கேள்வி மற்றொரு காரணம். அந்தக் கேள்வியைக் கூறுகிறேன், கேளுங்கள்.

இளங்கலை வகுப்பு, தொல்காப்பியப் பொருளதிகாரம். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் ஆகியன கருப்பொருள். தொழிலுக்கும் கவிதையிலே இடம் தந்த இலக்கணம் என்று பூரித்தேன்!

மறுவாரம் வந்தது வேறொரு நூற்பா. அடியோர், வினைவலர் ஆகியோரின் காதலைப் பாடலாம். ஆனால் அன்பின் ஐந்திணையிலே அன்று, அதற்குப் புறத்தே என்றது. ஏன்? பிறருக்குக் குற்றேவல் புரிவோர் அறம், பொருள், இன்பம் வழுவாது ஒழுகுதல் அரிது என்று காரணம் காட்டுகிறார் உரையாசிரியர் இளம்பூரணர்.

என் தந்தையார் தோல் ஷாப்பிலே சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். அந்தி மயங்கும் வேளை, வெந்நீர்க் குடத்தோடு அவருக்காக வாயிலிலே காத்திருந்த அன்னையின் முகம் என் கண்முன் வந்தது. அது ‘இருத்தல்’ அல்லவா? முல்லை அல்லவா? எழுந்து கேட்டேன். “தேர்வுக்கு வராது, உட்கார்!” என்றார் ஆசிரியர். ஏடு இருந்தது, எழுத்து இருந்தது, ஏன் என்ற கேள்விக்கு மட்டும் இடமில்லை!

அந்தக் கேள்விக்கு உலகிலே துணை உண்டென்று பின்னரே அறிந்தேன். திணைக் கோட்பாட்டைப் பண்டைச் சமுதாயத்தோடும் பொருளியலோடும் பொருத்தி 1974-ல் ஆராய்ந்தார் ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி. ‘இலக்கியம் எது என்று தீர்மானிப்பவர் யார்?’ என்று 1983-ல் கேட்டார் இங்கிலாந்தின் உழைக்கும் குடும்பத்திலே பிறந்த டெரி ஈகிள்டன். அந்நூலைப் பேரறிஞர்களுக்கன்று, துறைக்குப் புதியவர்களுக்கே எழுதினார்!

இங்கோ, “கோட்பாடு கடினம், முதுகலையிலே பார்த்துக்கொள்ளலாம்” என்கின்றனர் சிலர். வைகறையிலே நிலக்கோட்டைத் தோட்டத்தில் மல்லிகை பறித்துவிட்டு, பேருந்திலே தொங்கி வருகிறாளே ஒரு தங்கை, அவளுக்கு முதுகலை எங்கே? இளங்கலையோடு திருமணம், அல்லது நூற்பாலை! இரண்டாண்டு தள்ளிவைப்பது அவளுக்கு வாழ்நாள் முழுதும் தள்ளிவைப்பதன்றோ? பாடத்திட்டத்திலே கோட்பாடு இருக்கும் இடத்திலும், ‘கட்டவிழ்ப்பு: குறிப்பு வரைக’ என்று கையேட்டை உருப்போட வைக்கின்றனர். (கையேடு விற்பவர் காட்டில் மழை, அது போகட்டும்.)

தொல்காப்பியத்தை எறி என்கிறேனா? இல்லை! என் தாயின் காத்திருப்புக்குப் பெயர் தந்ததே அந்த நூல்தான். அதன் திணையைக் கொண்டே அதன் எல்லையைக் கேட்கிறேன்.

என் புதிய நாடகத்திலே அந்த வெந்நீர்க் காட்சியை வைத்து, ‘முல்லை’ என்றே பெயரிட்டேன். ஒத்திகை கண்ட சின்னாளபட்டி மாணவி ஒருத்தி கேட்டாள்: “ஏண்ணே, காத்திருக்கிறவள் எப்போதும் பெண்தானா?”

விடை சொல்ல இயலவில்லை, தோழர்களே. காட்சியைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.