மனசுப் பாரத்தை இறக்கி வைப்போம்

(களமருதூர் மகளிர் கூட்டமைப்பு விழாவில், மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலராக உள்ள குழு உறுப்பினர் பேசியது)



2021 ஆகஸ்ட் 5-ல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்க நம்மைப் போன்ற குழுப் பெண்களைத்தான் எடுத்தார்கள். அப்படி வந்தவள் நான். மிஷினைப் பழகும்போது முதலில் என் கையிலேயே கட்டிப் பார்த்தேன். 160/100 காட்டியது. மிஷின் ரிப்பேர் என்று நினைத்தேன். மறுநாளும் அதேதான்.

அந்தச் சமயம் எங்கள் கறவை மாடு செத்துப்போச்சு. மாட்டுக்கு வாங்கின கடன் மட்டும் அப்படியே நின்னுச்சு. தவணை நாள் நெருங்கினால் நெஞ்சு படபடக்கும். ராத்திரி தூக்கம் வராது. பிள்ளைங்க மேல எரிஞ்சு விழுவேன். வெளியில சொன்னா மானம் போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா மாத்திரை கொடுத்தாங்க. "கவலையில இதயம் வேகமா அடிக்கும், ரத்தக்குழாய் இறுகும். தினமும் இப்படியே இருந்தா உடம்பு தாங்காதும்மா"ன்னு சொன்னாங்க.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவை இவைதான்:

• ஊறுகாய், கருவாடு, அப்பளத்தைக் குறைத்தேன். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்தான் உப்பு இருக்கணும்.
• சாயங்காலத்துக்கு மேல் டீ குடிப்பதில்லை.
• காலையில் அரை மணி நேரம் கைவீசி நடக்கிறேன். வேலைக்குத்தான் நடக்கிறோமே என்பீர்கள். அது அவசர நடை. இது நமக்கான நடை.
• படுக்கும் முன் 5 நிமிஷம் நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுகிறேன்.

மாத்திரையையும் நிறுத்தவில்லை. வெற்றிலையோடு புகையிலை போட்டால் கவலை தீரும் என்பது பொய்; அது பிரஷரைத்தான் ஏற்றும்.

ஆனால் மூச்சுப் பயிற்சி கடனைக் கட்டாது, தாயிகளே! ஒருநாள் குழுக் கூட்டத்தில் வாய்விட்டு அழுதுட்டேன். யாரும் சிரிக்கவில்லை. தவணையைத் தள்ளி வைத்துத் தீர்மானம் எழுதினார்கள். அன்று ராத்திரிதான் நன்றாகத் தூங்கினேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன். சேமிப்பு, கடன் கணக்கு எழுதி முடித்ததும், "வீட்டுல எப்படி இருக்கே?" என்று ஒருவரையொருவர் கேளுங்கள். வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்து அடித்தால் அது உங்கள் தலையெழுத்து இல்லை, 181-க்குப் பேசுங்கள். வாழவே பிடிக்கலைன்னு தோணினால் 14416 இருக்கிறது. ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை.

கூட்டம் முடிந்ததும் பந்தலுக்குப் பக்கத்தில் மிஷினோடு உட்கார்ந்திருப்பேன். கையைக் காட்டாமல் யாரும் வீட்டுக்குப் போகாதீங்க.