விரிசலை மடக்கும் பீங்கான்



கொதிக்கக் கொதிக்கத் தேநீரை ஊற்றியதும் கண்ணாடி டம்ளர் ‘பட்’டென்று விரிசல்விட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் ஸ்பார்க் பிளக்கில் வெள்ளையாக ஒரு பீங்கான் இருக்கிறது. எஞ்சினுக்குள் அதன் முனையருகே நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் தீப்பற்றுகிறது. அந்தத் தீயின் சூடு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பீங்கானோ தாங்கி நிற்கிறது.

அந்தப் பீங்கான் பெரும்பாலும் அலுமினா. அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. டம்ளர், மணலும் சோடாவும் சுண்ணாம்பும் உருகிப் பிறந்தது. அலுமினாவில் அணுக்கள் கோலப்புள்ளிபோல வரிசை தப்பாமல் நிற்கின்றன. கண்ணாடியிலோ குழம்பு உறைந்ததுபோல ஒழுங்கின்றிக் கிடக்கின்றன. கண்ணாடி 700 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கும். அலுமினா உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். விறைப்பில் அது கண்ணாடியைப்போல 5 மடங்கு.

டம்ளர் ஏன் விரிசல்விட்டது? உள்பக்கம் சூடேறி விரிகிறது. வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்திருக்கிறது. அந்த இழுபறியில் விரிசல் விழுகிறது. அலுமினா கண்ணாடியைவிட ஏறக்குறைய 20 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், ஒரே இடத்தில் சூடு தேங்குவதில்லை.

ஆனால், கைதவறித் தரையில் விழுந்தால் பிளக்கின் பீங்கானும் உடையும். இங்கிலாந்தின் ஏ. ஏ. கிரிஃபித் 1921-இல் இதற்குக் காரணம் சொன்னார். கண்ணாடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கின்றன. இழுவிசை கீறலின் முனையில் குவிகிறது. அங்கிருந்து விரிசல் ஓடுகிறது. பீங்கானுக்கும் இதே கதிதான்.

அந்த ஓட்டத்துக்குத் தடைபோடக் கற்றது சிர்கோனியா என்னும் இன்னொரு பீங்கான். 1975-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை எடுத்துக்காட்டினார்கள். விரிசல் நெருங்கியதும் அதன் முனையில் உள்ள சிர்கோனியா மணிகள் அணு அடுக்கு மாறி, சுமார் 4 சதவீதம் உப்புகின்றன. உப்பிய மணிகள் விரிசலின் வாயை இறுக்குகின்றன. பல் மருத்துவர்கள் இன்று மாட்டும் வெள்ளைப் பல் உறைகளில் பல இந்தச் சிர்கோனியாதான். முறுக்கு கடிக்கும் பாரத்தையும் தாங்குகிறது.

அடுத்தமுறை பிளக்கைக் கழற்றினால், பீங்கானில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். அது அலுமினா, தன் விரிசலைத் தானே இறுக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது.