பிக்காச்சு பொம்மைக்கு யார் அனுமதி கொடுத்தது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் விற்பனைக் குழு சார்பில் ஆற்றிய உரை)



நம்ம தையல், குரோஷா குழுக்களுக்கு வந்திருக்கிற ஒரு ஆர்டரைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. டவுன்ல பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்ட் விற்கிற ஒரு கடைக்காரர் உல்லன் நூல்ல பின்னின சாவிக்கொத்து பொம்மை 300 கேட்டிருக்கார். மஞ்சள் கலர் பிக்காச்சு 100, சிவப்புத் தொப்பி மீசைக்காரர் மாரியோ 100, மைன்கிராஃப்ட்ல வர்ற பச்சை மூஞ்சி கிரீப்பர் 100. ஒண்ணு 90 ரூபாய், மொத்தம் 27,000. படத்தை வாட்ஸ்அப்ல அனுப்பிட்டார். பாதி முன்பணமும் தர்றேங்கறார். நம்ம பெண்கள் கைக்கு இது பெரிய வேலை இல்லை. ஆனா செய்யலாமா?

இந்த பொம்மையெல்லாம் நம்ம பிள்ளைங்க செல்போன்ல, டிவியில பார்க்கிறது. அதனால ஊர்ப் பொதுச் சொத்து மாதிரி தோணும். அப்படி இல்லை. மாரியோ 1981-ல வந்த ஒரு ஜப்பான் விளையாட்டுல முதல்ல வந்தவர், நின்டெண்டோ கம்பெனிக்குச் சொந்தம். பிக்காச்சு 1996-ல வந்த போக்கிமான் விளையாட்டுல பிறந்தது. மைன்கிராஃப்டை உருவாக்கின கம்பெனியை 2014-ல மைக்ரோசாஃப்ட் வாங்கிடுச்சு. மூணுக்கும் பட்டா வச்சிருக்கிற ஆள் இருக்காங்க.

அந்தப் பட்டா ரெண்டு வகை. ஒண்ணு பதிப்புரிமை, காப்பிரைட்னு சொல்றோமே அது. ஒரு படத்தை வரைஞ்ச உடனேயே அது வந்துடும், எங்கேயும் பதியணும்னு அவசியமில்லை. நம்ம நாட்டுல வரைஞ்சவர் வாழ்நாளும், அவர் இறந்தபிறகு 60 வருஷமும் இருக்கும். "பழைய விளையாட்டுதானே"ன்னு மாரியோவைச் சொல்ல முடியாது. நூல்ல பின்னினாலும், துணியில தைச்சாலும், கேக் மேல போட்டாலும் அது அதே படத்தோட நகல்தான்.

இன்னொண்ணு வணிகக் குறி, டிரேட்மார்க். இதை எப்படிப் புரிஞ்சுக்கலாம்னா, நம்ம சுய உதவிக் குழுப் பொருளுக்கெல்லாம் "மதி"ன்னு பெயர் இருக்கு. நாளைக்கு ஒரு தனியார் முதலாளி எங்கேயோ தைச்ச பைக்கு மதின்னு லேபிள் ஒட்டி வித்தா நமக்கு எப்படி இருக்கும்? வாங்குறவங்க நம்ம பெண்கள் தைச்சதுன்னு நம்பி ஏமாறுவாங்க. பை கிழிஞ்சா திட்டு நமக்கு. அந்த ஏமாற்றத்தைத் தடுக்கத்தான் வணிகக் குறிச் சட்டம். "போக்கிமான்"ங்கற பெயரும், அவங்க பதிஞ்சு வச்சிருக்கிற எழுத்தும் சின்னமும் அப்படிப்பட்டது. 10 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிச்சுக்கிட்டே போகலாம், முடிவே கிடையாது.

சரி, மீறினா என்ன ஆகும்? 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்திலயும் 1999-ம் வருஷ வணிகக் குறிச் சட்டத்திலயும் தண்டனை ஏறக்குறைய ஒண்ணுதான். 6 மாசத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் சிறை, 50,000-த்துல இருந்து 2 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம். பதிப்புரிமைக் குற்றத்துக்கு வாரண்ட் இல்லாமலே போலீஸ் நடவடிக்கை எடுக்கலாம்னு 2022-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. நாளைக்கே ஜீப் வந்துடும்னு நான் சொல்லலை. பெரும்பாலும் முதல்ல வக்கீல் நோட்டீஸ் வரும், ஆன்லைன்ல போட்ட பொருளைத் தூக்கிடுவாங்க. ஆனா நோட்டீஸ் யார் பேருக்கு வரும்? கடைக்காரர் வித்தாலும், செஞ்சு கொடுத்தது நம்ம குழு. பில் நம்ம குழு பேர்ல. வங்கிக் கடன் இணைப்புக்குக் காத்திருக்கிற நேரத்துல குழு பேர்ல ஒரு வழக்குன்னா, 27,000 ரூபாய் எந்த மூலைக்கு?

நம்ம கூட்டத்துலேயே சில பேச்சு ஓடுது. படத்துல 30 சதவீதம் மாத்திட்டா தப்பில்லைன்னு ஒரு அக்கா சொன்னாங்க. அப்படி ஒரு கணக்கு சட்டத்துல எங்கேயும் கிடையாது. பார்த்த உடனே குழந்தை "ஐ, பிக்காச்சு!"ன்னு கத்தினா, வாலை வளைச்சும் புண்ணியமில்லை. பெயர் எழுதாம வித்தா? பெயர்ப் பிரச்சினை குறையலாம், படப் பிரச்சினை அப்படியே இருக்கு. "ரசிகர் செய்தது, கம்பெனிக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை"ன்னு சீட்டு ஒட்டினா? அது அனுமதி ஆயிடாது. "ஊரே செய்யுது"ங்கறதுக்கு நான் பதில் சொல்லணுமா என்ன.

உங்க வீட்டுப் பிள்ளை பிறந்தநாளுக்கு ஒரு மாரியோ தலையணை தைக்கிறீங்கன்னா தாராளமா தைங்க. சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவுல சட்டமே விலக்கு தருது. விலை போட்டு விக்கும்போதுதான் கதை மாறுது. ரெடிமேடா பிக்காச்சு பிரிண்ட் போட்ட துணி வாங்கிப் பை தைக்கிறவங்க, அந்தத் துணி உரிமம் பெற்ற துணியான்னு கடையில கேளுங்க, பில் வாங்குங்க. மீட்டர் மலிவா கிடைக்குதுன்னா சந்தேகப்படுங்க.

அதனால கடைக்காரருக்கு விற்பனைக் குழு ஒரு கடிதம் எழுதியிருக்கு. "இந்த உருவங்களைச் செய்து விற்க உங்களிடம் உரிமம் இருந்தால் அதன் நகலைக் கொடுங்கள்"னு. அவர் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா, நான் பார்த்துக்கிறேன்"னு போன்ல சொன்னார். பார்த்துக்கிறவர் எழுதிக் கொடுக்கட்டுமே! சில விளையாட்டுக் கம்பெனிங்க, ரசிகர்கள் எதைச் செய்யலாம், எதை விக்கக்கூடாதுன்னு தங்க இணையதளத்துல விதிமுறை போட்டிருக்காங்க. மைன்கிராஃப்டுக்கும் அப்படி உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அப்பப்ப மாத்தவும் செய்வாங்க. படிச்ச நம்ம பெண் பிள்ளைங்களை உட்கார வச்சு, ஆர்டர் வர்ற அன்னைக்கே அதைப் படிக்கச் சொல்லுங்க.

அதே கடைக்காரருக்கு நாம வேற மாதிரி காட்டலாம். விளையாட்டுங்கற விஷயமே யாருக்கும் சொந்தமில்லை. கட்டம் கட்டமா படம் வரையற முறைக்கும் சொந்தக்காரர் கிடையாது. புள்ளி வச்சுக் கோலம் போடுற கைக்கு, கிராஸ் ஸ்டிட்ச் போடுற கைக்கு, அது புதுசும் இல்லை. கட்டம் போட்ட இதயம், சாவி, வாள், நாமே பெயர் வச்ச ஒரு பூனை. தாயக்கட்டம் பின்னின பை, பல்லாங்குழிச் சாவிக்கொத்து. பேட்டையில இருந்து வந்திருக்கிற குழு செஞ்ச ஆடு புலி ஆட்டப் பை வாசல் ஸ்டால்ல இருக்கு, போறப்ப எல்லாரும் பாருங்க.

அப்படி நாமே வரைஞ்சா, அந்தப் பட்டா நமக்கு வரும். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. நம்ம வடிவத்தை எந்திரத்துல அச்சடிச்சு 50-க்கு மேல செஞ்சுட்டா, வடிவமைப்புச் சட்டத்துல பதியாத பட்சத்தில் பதிப்புரிமை போயிடலாம். வடிவமைப்பைப் பதிஞ்சா முதல்ல 10 வருஷம், புதுப்பிச்சா இன்னும் 5 வருஷம் பாதுகாப்பு. ஆனா வெளியில காட்டுறதுக்கு முன்னாடி விண்ணப்பிக்கணும். வரைஞ்ச சூட்டோட ஸ்டேட்டஸ்ல போட்டுடாதீங்க, தங்கச்சிகளா! வரைஞ்ச தாளைத் தேதி போட்டு, வரைஞ்சவர் கையெழுத்தோட தீர்மானப் புத்தகத்துல ஒட்டி வையுங்க. குழுவுக்குன்னு ஒரு பெயர், சின்னம் பதியணும்னா, தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைன்ல ஒரு வகைப் பொருளுக்கு 4,500 ரூபாய் கட்டணம். சென்னையில கிண்டியில அலுவலகம் இருக்கு. பதிவு கிடைக்கிறதுக்கு முன்னாடி வட்டத்துக்குள்ள ஆர் போடாதீங்க, அதுவும் சட்டப்படி தப்பு.

கடைக்காரர் உரிம நகல் கொடுத்தா அடுத்த மாதக் கூட்டத்துல வைக்கிறோம். கொடுக்கலைன்னா, கூட்டமைப்பு பேர்ல இந்த ஆர்டரை எடுக்க வேண்டாம்னு விற்பனைக் குழு தீர்மானம் கொண்டு வருது. பூனையும் தாயக்கட்டமும் மாதிரிக்கு ஆளுக்கு ரெண்டு பின்னி, வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள அலுவலகத்துல கொடுங்க. நூல் செலவைக் கூட்டமைப்பு தரும்.