தகப்பன் லாரியில், பிள்ளைகள் இல்லத்தில்

(நலத்திட்டக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





இன்று ஒரே ஒரு விஷயத்திற்காக உங்கள் முன் நிற்கிறோம். நாமக்கல்லில் லாரி ஓட்டும் நம் சகோதரர் ஒருவர். பெயர் வேண்டாம். மனைவியின் வைத்தியத்துக்குக் கடன் வாங்கினார். அந்த அம்மா மவ்த்தான பிறகு வாடகை கட்ட முடியாமல் வீட்டைக் காலி செய்தார். இப்போது அவருக்கு வண்டிதான் வீடு. கேபினில் சீட்டுக்குப் பின்னால் படுக்கை, பெட்ரோல் பங்க்கில் குளியல். லோடு இல்லாத நாளிலும் அதே கேபினில்தான் தூக்கம். பிள்ளைகள் இருவரும் ஓர் இல்லத்தில் இருக்கிறார்கள். அங்கே சோறு, படிப்பு, ஓதல் எதிலும் குறையில்லை. ஆனால் பெருநாள் லீவில் எல்லாப் பிள்ளைகளும் ஊருக்குப் போகும்போது இவர்களுக்குப் போக இடமில்லை.

ஷரீஅத்தில் எத்தீம் என்றால் பருவ வயதுக்கு முன் தகப்பனை இழந்த பிள்ளை. இந்தப் பிள்ளைகளின் அத்தா உயிரோடு இருக்கிறார், உழைக்கிறார். அவரிடம் இல்லாதது ஒரு வீடு. அவருடைய அக்கா, கைம்பெண், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரத் தயார். எங்கே வந்து தங்குவது என்பதுதான் கேள்வி.

ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்து வந்தார்கள். தாய்ப்பறவை சிறகடித்துச் சுற்றியது. அதை வேதனைப்படுத்தியது யார் என்று கேட்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது.

இந்தக் கஷ்டம் நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் காரிலேயே வாழும் பெற்றோர் உண்டு. பிள்ளைகளை அரசு வேறு குடும்பத்திடம் வளர்க்க விட்டிருக்கும். அங்கே 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 22 மாதங்களில் 15 மாதம் பிள்ளை வெளியே வளர்ந்தால், சில விதிவிலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையையே நீக்க அரசு வழக்குப் போட வேண்டும். அதே நாட்டில், வீடில்லாத காரணத்தால் பிரிந்த குடும்பத்துக்கு வாடகை உதவி கொடுத்துச் சேர்த்து வைக்கவும் 1990-லேயே சட்டம் செய்தார்கள். இந்த இரண்டாவது வழிதான் நமக்கு வேண்டியது.

நம் நாட்டின் 2015 இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு பிள்ளைகளைக் குடும்பத்தில் சேர்க்கலாம். மிஷன் வாத்சல்யாவில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவும் உண்டு. ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. விதவைத் தாய்மார் பலர் இதற்குள் வருவார்கள். லாரி ஓட்டுபவர் வர மாட்டார். சம்பளக் கணக்கில் அவர் ஏழை இல்லை, இரவில் படுக்க வீடும் இல்லை. அரசு விட்ட இந்த இடத்தை நாம்தான் நிரப்ப வேண்டும்.

இல்லத்துக்குப் பிரியாணி கொடுக்க நம்மில் நிறையப் பேர் முன்வருகிறார்கள். அல்லாஹ் கபூல் செய்யட்டும். வீட்டு அட்வான்ஸ் என்று கேட்டால்தான் கை தயங்குகிறது. அட்வான்ஸில் பெயர்ப்பலகை வைக்க முடியாதே!

ஆகவே ஜகாத் பணத்தைத் தொடாமல், ஸதகாவில் ஒரு தனி நிதி தொடங்குகிறோம். அட்வான்ஸை வட்டியில்லாத அழகிய கடனாகக் கொடுப்போம். தவணையில் திரும்பி வரும் பணம் அடுத்த குடும்பத்துக்குப் போகும். முதல் வீடு இந்தச் சகோதரருக்கு. பேட்டையிலோ பள்ளிக்கூடம் பக்கத்திலோ வீடு வைத்திருப்பவர்கள் வாடகையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் அதுவும் ஸதகாதான்.

நிதி ஆதரவுக்கு மனு எழுத வேண்டிய தாய்மார்கள் ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, பிள்ளையின் பள்ளிச் சான்று நகல்களோடு அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். மனுவை எழுதிக் கொடுத்து, ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நாங்களே கூட வருகிறோம், இன்ஷா அல்லாஹ்.